நாக்குக்காரர் முழுங்கிய தேன்

தேன் கம்பெனியில் என் அப்பாவுக்கு நாக்குக்காரர் என்றுதான் பெயர். இருபத்தாறு வருஷமாக அவருக்கு வேலையே ருசி பார்ப்பதுதான். வெள்ளை மேசையில் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்று அறையில் சிவப்பு விளக்கு. மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்ப்பார், அப்புறம் கரண்டி நுனியளவு நாக்கில் வைப்பார், நடுநடுவே வெந்நீரில் வாய் கொப்பளிப்பார். காப்பிப்பூத் தேனை மழைக்கு முன்னால் எடுத்தார்களா பின்னால் எடுத்தார்களா என்பதுவரை சொல்லிவிடுவார். வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

அந்த மனுஷனுக்குத்தான் சர்க்கரை வியாதி வந்தது. கம்பெனியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ருசி பாருங்க, ஆனா முழுங்காம துப்பிடுங்க. இல்லேன்னா காலும் போகும், கண்ணும் போகும்" என்றார் டாக்டர்.

ஒரு மாதம் ஒழுங்காகத் துப்பினார். அப்போதுதான் வேப்பம்பூத் தேன் வந்தது. அபூர்வமான சரக்கு. அதன் கசப்பு முழுங்கின பிறகுதான் தொண்டையில் தெரியும். துப்பிய அப்பா அதைச் சாதாரணத் தேன் என்று எழுதிக் கொடுத்துவிட, எட்டு டிரம்மையும் மலிவுச் சரக்கோடு கலந்துவிட்டார்கள். மேனேஜர் திட்டவில்லை. "வயசாயிடுச்சு, பாவம்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து அப்பா முழுங்கினார். வேலையில் மட்டுமில்லை. துணி அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் மூன்று பாட்டில்கள் என் கையில் சிக்கின.

"என்னப்பா இது?"

"மருந்தும்மா. கசக்கிற தேன்ல சர்க்கரை ஏது? ரப்பர் பூத் தேன்ல கசப்பு போதாது, விட்டுட்டேன். காட்டுத் தேன் பரவாயில்லை. வேம்புதான் சரியான கசப்பு. காலையில வேம்பு, சாயங்காலம் காடு."

"யாரு சொன்னா?"

"இருபத்தாறு வருஷ நாக்கு சொல்லுது."

"கசந்தாலும் அது தேன்தாம்பா!"

தேனைப் பற்றி எல்லாருக்கும் பாடம் நடத்துகிறவர் இப்படி ஒரு கதையை நம்பிக்கொண்டிருந்தார். வந்த கோபத்தில் மூன்றையும் சிங்க்கில் கவிழ்த்தேன். அப்பா கிட்டே வந்தார். வழிந்த தேனை விரலால் தொட்டு நக்கிவிட்டு, "போன வருஷத்துச் சரக்கு" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் காவல் காத்தேன். பையைத் துழாவினேன், விரலை மோந்து பார்த்தேன். பெற்ற அப்பாவைத் திருடனைப் போல நடத்தியதில் எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிற்று. அப்படியும் முதலில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கண் மங்கிக்கொண்டே வந்தது. கம்பெனியில் அவர் நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

போன வாரம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "இனிமே அவர் ஆசைப்படறதைக் குடுங்க" என்றார்.

நானே வேப்பம்பூத் தேன் வாங்கி வந்து, தலையணையை நிமிர்த்தி அவரைச் சாய்த்து, ஒரு கரண்டி ஊட்டினேன். முழுங்கினார். சப்புக்கொட்டினார். வெகுநேரம் யோசித்தார்.

"சூரியகாந்தி" என்றார். குரலில் பழைய அதிகாரம் அப்படியே இருந்தது. "சரிதானே?"

"சரிதாம்பா."

"பாத்தியா? முழுங்கினதாலதான் கண்டுபிடிக்க முடிஞ்சுது. துப்பியிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுப்பா" என்றேன்.