கூவாத மோட்டார்

மேட்டூர் மின்சாரம் ராசிபுரம் சாலைக்கு வந்த வருஷம்தான் எனக்கு வயிற்றெரிச்சலும் வந்தது. மின்சாரம் நேராகப் பெரியப்பாவின் அரிசி மில்லில் போய் நுழைந்துவிட்டது. தன் எண்ணெய் எஞ்சினை விற்றுவிட்டு மோட்டார் வைத்தார் அவர். எதிரே இருந்த எங்கள் மில்லில் பழைய எஞ்சின்தான். தினமும் அதன் தலையைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, ஆளுயரச் சக்கரத்தை நான்கு பேர் தம் பிடித்துச் சுற்றினால், இருமிப் புகை கக்கி, மனமிருந்தால் கிளம்பும்.

“எங்கூட்டு மோட்டாருக்கு ஒத்த விரலு போதும். உங்கூட்டுக் கிழவனை எழுப்ப ஊரே வரோணுமாக்கும்!” என்று பெரியப்பா மகன் பள்ளிக்கூட வழியெல்லாம் விரலை ஆட்டுவான். அந்த விரலைக் கடித்துவிடலாம் போலிருக்கும். பாடப் புத்தகத்தில் மின்சாரம் பற்றி இருந்ததை ஒப்பிக்கிறவள் நான். சுவிட்சைத் தட்டுகிற பாக்கியம் அவனுக்கு!

ஆனால் முதல் வாரமே வேடிக்கை நடந்தது. எங்கள் வட்டாரத்து மில்களில் எஞ்சினின் புகைக்குழாய் நுனியில் ஒரு தகரக் குப்பி மாட்டியிருக்கும். ‘கூக், கூக்’ என்று அது கூவுவது பக்கத்து ஊர்களுக்கும் கேட்கும். எந்த மில் கூவுகிறது என்று குரலை வைத்தே சொல்லி, வண்டி பூட்டுவார்கள். கூவாவிட்டால் மில் அடைப்பு. மோட்டாருக்குப் புகையும் இல்லை, குழாயும் இல்லை. நெல் வண்டியெல்லாம் எங்கள் வாசலுக்கே திரும்பியது.

“ஏனுங்க, அண்ணன் மில்லு ஓடறதில்லீங்களா?” என்று வண்டிக்காரர் ஒருவர் அப்பாவிடம் கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, “கரண்டுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க!” என்றேன். எதிர் வாசலில் நின்றவனின் விரல் சட்டைப் பைக்குள் போனது.

அப்பா சிரிக்கவில்லை. “ஓடுதுங்க. சத்தந்தான் வராது. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்” என்று மாட்டுக் கயிற்றைப் பிடித்துச் சாலையைக் கடந்தார். பாகம் பிரித்த நாளிலிருந்து அந்த வாசலை மிதிக்காதவர்! வீடு தேடி வந்த வண்டியை யாராவது விடுவார்களா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. சண்டை போடப் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே நெல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஓடும் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தார். வண்டிக்காரர் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

“சுடுதாப்பா?” என்றேன் ஆசையாக.

“இல்ல சாமி. வெதுவெதுன்னு இருக்குது” என்றார், கையை எடுக்காமல்.

எங்கள் வீட்டில் வயிற்றெரிச்சல் பிடித்தவள் நான் ஒருத்திதான் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.