வாழ்த்து மடலை எழுதியது யார்?

இன்று பழனிசெட்டிபட்டியில் பெரியப்பா மகள் கல்யாணம். மணமக்களுக்கான வாழ்த்து மடலை எழுதியது நான்.

மேடையில் மைக் பிடித்து வாசித்தார்கள். மண்டபமே கைதட்டியது. கடைசியில், "இயற்றியவர், மாப்பிள்ளையின் தாய்மாமன்" என்றார்கள்.

அச்சடித்த மடலை வாங்கிப் பார்த்தேன். அடியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, பொடி எழுத்தில் நான் இருந்தேன். 'பிரதி எடுத்து உதவியவர்.'

சாப்பாட்டுப் பந்தியில் பெரியப்பாவைப் பிடித்தேன்.

"சம்பந்தி வீட்டு ஆளு, ஆத்தா. மேடையில தன் பேரு வரணும்னாக. ஒம்பேரும் இருக்குல்ல?"

"எழுதுனது நானு பெரியப்பா."

"சரி, ஆல்பத்துல வைக்க மாத்தி அடிச்சிருவோம். என்ன போடணும்? எழுத்துப் பணி? தொகுப்பு? எழுத்துதவி?"

'எழுதியவர்' என்ற ஒரு சொல்லைத் தவிர எல்லாம் அவர் வாயில் வந்தது.

கை கழுவும் இடத்தில் அந்தத் தாய்மாமனே எதிரே வந்தார்.

"பிரதி எடுத்த புள்ள நீதானா? இப்படியே பாத்து எழுதிப் பழகும்மா. ஒருநா சொந்தமா எழுத வந்துரும்."

சிரித்துவிட்டு வந்தேன். பெரியப்பா மகள் வாழப்போகும் வீடு அது.

இந்தப் பதிவையாவது எழுதியது நான்தான் என்று யாராவது பின்னூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.