ராட்சதப் பல்லிக்குப் பாலாபிஷேகம்

மதுரையில் யாருக்கு வேண்டுமானாலும் பிளெக்ஸ் வைப்போம். ஆனால் கடலில் இருந்து எழுந்து வந்து ஊரை மிதிக்கும் ராட்சதப் பல்லிக்கு வைத்தது நானும் என் கூட்டாளியும்தான். இருவருக்கும் செல்லூரில் ஒரே தறிப்பட்டறையில் வேலை. தமிழ் டப்பிங்கில் பல்லிப் படங்களை டிவியில் பார்த்துப் பார்த்து வளர்ந்த கிறுக்குகள்.

புதுப்படம் தியேட்டருக்கு வந்தபோது, மேலே பல்லி, கீழே கைகூப்பியபடி நாங்கள், நடுவில் 'அண்ணன் வாரார், வழிவிடு' என்று அடிக்கக் கொடுத்தோம். "பல்லிக்காடா? வெளங்கிரும்!" என்று பிளெக்ஸ் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அதோடு விட்டோமா? பாலாபிஷேகம் வேறு. அவன் என் தோளில் ஏறிப் பால் பாக்கெட்டைக் கடித்து ஊற்றினான். அண்ணன்மேல் ஒரு சொட்டு விழவில்லை, எல்லாம் என் சட்டைக்குள் இறங்கியது. உள்ளே பல்லி தலையைத் தூக்கியதும் காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டோம். கடைசியில் அது குண்டடிபட்டுக் கடலில் மூழ்கியபோது அவன் நிஜமாகவே அழுதான்.

பிறகு அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. வழியனுப்பப் போன இடத்தில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன்.

"எம்புட்டு குண்டு போட்டாலும் அண்ணன் அடுத்த படத்துக்கு வந்துருவார்ல மாப்ள? நானும் வந்துருவேன். எனக்கும் சேத்து டிக்கெட் போட்டு வையி" என்றான்.

நடுவில் எத்தனையோ தீபாவளி போனது, அவன் வரவில்லை. இந்த வருடம் அடுத்த படம் வந்தது. இரண்டு டிக்கெட் எடுத்தேன். முந்தின நாள் போன் செய்தான்.

"லீவு தர மாட்டேங்கிறாய்ங்க மாப்ள. நீ பாத்துட்டு வா."

போனை வைத்ததும் கோபம் கோபமாக வந்தது. கோபம் என்ன கோபம், அவனைப் பார்க்கவேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். தனியாகத்தான் போனேன். சட்டைப்பையில் கிழித்த காகிதம் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டு காலியாகக் கிடந்தது.

பல்லி கடலில் இருந்து தலையைத் தூக்கியது. ஒரு விசில் இல்லை. எல்லோரும் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார்கள். பைக்குள் போன என் கை வெளியே வரவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒருவருக்குக் கழுத்து வலித்ததோ என்னவோ, குனிந்தபடி எங்கள் வரிசைக்கு வந்தார்.

"அண்ணே, இந்த சீட்டு காலிதானே?"

சீட்டின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"இல்லண்ணே, ஆள் இருக்கு. வாரான்."