பச்சைக்கு வழியில்லாத மேப்

என் தம்பியைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்து, கோபம் வந்து எழுந்து போயிருக்கிறேன். இந்த முறை கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன். அவனைத் தெருவில் எல்லோரும் "மேப்பு" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

மேப்பு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். கடைக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறை. அங்கே ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும், அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும், இவன் குனிந்து உட்கார்ந்து லென்ஸின் ஓரத்தை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துக்கொண்டிருப்பான். மயிரிழை கூடினால் உள்ளே உட்காராது, குறைந்தால் கழன்று விழும். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர். கடைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நாங்கள் என்று சில மனிதர்கள் இருப்பது அவனுக்கு அவ்வப்போதுதான் நினைவுக்கு வரும். ஒரு தடவை அண்ணியின் சித்தப்பா வந்தபோது, "பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்டார். "மேப் போடுவேன்" என்றான். மனுஷர் இவனை நிலம் அளக்கிறவன் என்று நினைத்து, தன் மனைக்கும் பக்கத்து மனைக்கும் உள்ள எல்லைத் தகராறை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார். இவனும் முழுசாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் தண்ணி இருக்கா?" என்று ஒரு கேள்வி வேறு கேட்டான்.

அவன் போடுவது விளையாட்டுக்கான மேப். மரம் வெட்டி, தங்கம் தோண்டி, கோட்டை கட்டி, ஆள் சேர்த்து, எதிராளியின் இடத்தைப் பிடிக்கிற ஆட்டம் அது. அதை ஆட ஒரு நிலம் வேண்டுமல்லவா. விளையாட்டோடு வந்த நிலங்கள் சலித்துப்போனவர்களுக்கு, இவனைப் போன்றவர்கள் ஆறு, மலை, காடு எல்லாம் வைத்துப் புதிதாக வரைந்து இணையத்தில் சும்மா போடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். பக்கத்துத் தெருவுக்கு வழி கேட்டால் முழிப்பான். அவன் வரைந்த நிலத்தில் மட்டும் முகம் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து அடித்துக்கொள்வார்கள்.

இந்த ஆட்டத்தில் நிலத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு நிறம் உண்டு. யார் எந்த மூலையில் தொடங்குவது என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டுவிடும். மேப் வரைந்தவனே ஆட வந்தாலும் பிடித்த மூலையை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் எல்லா மூலையும் சமமாக இருக்க வேண்டும். சமமா இல்லையா என்று கண்ணால் பார்த்து மேப்பு சொல்லவே மாட்டான். மேப்பை வெள்ளோட்டமாக வெளியே விடுவான். ஆட்கள் ஆடுவார்கள். எந்த மூலை எத்தனை தடவை ஜெயிக்கிறது என்று பார்ப்பான். ஒரு மூலை அடிக்கடி தோற்றால் அங்கே ஒரு காட்டை நகர்த்துவான், இங்கே ஒரு பாறையை எடுப்பான், மறுபடியும் விடுவான்.

ஒருமுறை எவனோ, "நீல மூலைக்காரன் மரம் வெட்ட ரெண்டு எட்டு அதிகம் நடக்க வேண்டியிருக்கிறது" என்று எழுதிவிட்டான். இவன் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு எரிச்சல். "உலகத்துல எவ்வளவோ அநியாயம் நடக்குது. நீ ரெண்டு எட்டுக்குச் சோத்தைத் தள்ளி வைக்கிறியா?" என்றேன்.

"அதையெல்லாம் நான் பண்ணலக்கா. இதை நான்தான் பண்ணேன்" என்றான்.

இப்படிப்பட்ட ஆளோடு ஒரே கூரையின் கீழ் இருந்து பாருங்கள், தெரியும்.

அந்தக் கூரை எங்கள் அப்பாவுடையது. அவர் போன பிறகு பாகம் பிரிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ரயில் பெட்டி போல நீளமான வீடு. முன்பக்கம் தெருவைப் பார்த்தபடி மேப்புவின் அறைகள். நடுவில் அண்ணன், அண்ணி. பின்பக்கம் நான். என் கணவரோடு ஒத்துவராமல் திரும்பி வந்த நாளிலிருந்து அங்கேதான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வாஷிங் மெஷின், ஓர் இஸ்திரி மேசை, துணி உலர்த்த ஒரு முற்றம். தெருவிலிருந்து வீட்டின் ஓரமாக ஒரு சந்து முற்றம் வரைக்கும் வரும். துணி போடுகிறவர்கள் அதில்தான் வருவார்கள்.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் பணிமனையில் நேரம் குறிக்கிறவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் பெட்டியோடு வந்து நின்றபோது, "ஏன், எதுக்கு" என்று ஒரு கேள்வி கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவர். என் முதல் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கியவர். போகிறபோக்கில் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அதுதான் அவருடைய கொஞ்சல்.

பாகம் பிரித்ததும் அவர்தான். ஒரு காகிதத்தில் வீட்டை வரைந்து மூன்றாகக் கோடு போட்டார். முன்பக்கம் மேப்புவுக்கு. நடுப்பக்கம் அவருக்கு, அவர் கார் சந்தில்தான் நிற்கும் என்பதால் சந்தும் அதோடு சேர்த்து. முற்றத்தோடு பின்பக்கம் முழுக்க எனக்கு. "பரப்பளவுல உனக்குத்தாம்மா அதிகம்" என்றார். நான் அழுதுவிட்டேன். துணி போட வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்க அண்ணன் மாதிரி ஒருத்தர் கிடைக்கணும்" என்று சொல்லிச் சொல்லி என் வாயே வலித்தது. மேப்பு அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கையெழுத்துப் போட வேண்டிய வாரம். மேப்புவின் அறைக்குப் படுக்கை விரிப்பை உருவி எடுக்கப் போனேன். கம்ப்யூட்டரில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. வழக்கமாக நான் பார்ப்பதே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன், தூக்கிவாரிப் போட்டது.

அது என் முற்றம்.

மேலேயிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. குளியலறைச் சுவர் முற்றத்துக்குள் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்குமே, அந்தத் துருத்தல் அப்படியே இருந்தது. என் இஸ்திரி மேசை இருக்கும் இடத்தில் ஒரு தானியக் கிடங்கு. அண்ணன் பக்கத்துத் தண்ணீர் மோட்டார் இருக்கும் இடத்தில் ஓர் ஊற்று. சந்து ஒரு பள்ளத்தாக்கு. அதன் வாயில் சிவப்புச் சட்டைப் படை வரிசையாக நின்றது. உள்ளே பச்சைச் சட்டைக்காரர்கள் நாலு பேர் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கிடங்கு பற்றி எரிந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "டேய், என்னடா இது, நம்ம வீடுடா" என்றேன்.

"இருக்கா, ஆட்டம் முடியப்போவுது" என்றான் அந்தப் பாவி.

"யாரு ஆடுறாங்க?"

"தெரியல. யாரோ. மூணு வாரமா ஆடிட்டிருக்காங்க. நூத்துக்கணக்குல ஆட்டம் ஆகிடுச்சு."

நான் பிறந்து வளர்ந்த வீட்டை, நான் துணி காயப்போடுகிற முற்றத்தை, எவனெவனோ கொளுத்தி விளையாட இவன் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அறைந்திருப்பேன், கையில் விரிப்பு இருந்தது. அதற்குள் அவன் ஆட்டக்காரர்கள் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தான். வேற்று மொழியில் எழுதியிருந்ததை அவனே நம் பேச்சில் சொன்னான். "பச்சை மூலை விழுந்தா ஆடவே வேண்டாம், எழுந்து போயிடலாம்." "இடம் பெருசா இருக்கு, என்ன பிரயோஜனம், வெளிய வர வழியும் இல்ல, தண்ணியும் இல்ல." "மேப் போட்டவனுக்குப் பச்சை மேல அப்படி என்ன கோபம்?"

"பச்சை யாரு?" என்றேன்.

"நீதான்க்கா."

"நீ தப்பா வரைஞ்சிருப்பே."

"ஒரு கல்லைக்கூட நகர்த்தல. அண்ணன் போட்ட கோடு அப்படியே இருக்கு. பச்சை ஒரு தடவைகூட ஜெயிக்கல."

விளையாட்டை வைத்து வீட்டுக்கு நியாயம் பேச வந்துவிட்டாயா, அண்ணனிடம் வாயைத் திறந்தால் பார் என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். வந்தவள் மெஷினைப் போடாமல் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். சந்தை மிதிக்காமல், அண்ணன் பாகத்துக்குள் கால் வைக்காமல், தெருவுக்குப் போக முடியுமா என்று மட்டும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். கிழக்கே போனேன், பக்கத்து வீட்டுச் சுவர். பின்னால் போனேன், பின்வீட்டுச் சுவர். சுற்றிச் சுற்றிக் கூடையோடு நின்ற இடத்துக்கே வந்தேன். பிறந்ததிலிருந்து நடந்த சந்து, அது யாருடையது என்று என் கால் ஒரு நாளும் கேட்டதில்லை. மோட்டாரும் அவர் பக்கம். என் மெஷினுக்குத் தண்ணீர் அவர் விட்டால்தான் வரும். இப்போது விடுவார். நாளைக்கு அவர் வீட்டை விற்றால், வாங்குகிறவன் விடுவானா? கூடையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

அப்போதும் அண்ணன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கவனித்திருக்க மாட்டார், சொன்னால் அவரே பதறிப் போவார் என்றுதான் நினைத்தேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதிகம் கொடுத்தார் என்று ஊரெல்லாம் சொன்ன வாய் இது.

பத்திரம் எழுதுகிறவர் வந்த அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணி டீ வைத்தார். பத்திரம் எழுதுகிறவர் பேனாவைத் திறந்த நேரத்தில் மேப்பு, "அண்ணா, மூணும் சமம்தானே?" என்று கேட்டான்.

"சமமாத்தானே பிரிச்சிருக்கேன்" என்றார் அண்ணன்.

"அப்போ யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம். எங்க மேப்ல அப்படித்தான். கோடு போட்டவன் எந்த மூலை வந்தாலும் ஆடணும்."

அண்ணன் சிரித்தார். "இவன் ஒருத்தன். அவ கடை பின்னாடிதானே இருக்கு? அவளுக்கு அதுதானே வசதி?"

என் குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. "எனக்கு எது வந்தாலும் சரி அண்ணா. மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

மேப்பு காகிதத்தை மூன்றாகக் கிழித்து, எழுதி, சுருட்டி மேசையில் போட்டான். "நீயே முதல்ல எடு" என்றான். அண்ணன் கையை நீட்டினார். சீட்டின் மேல் விரல் பட்டது. அப்படியே எடுத்துவிட்டார், சீட்டை இல்லை, கையை.

"பின்பக்கம் எனக்கு வந்துட்டா நான் எப்படிடா வெளிய போறது?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போல. முகம் வெளுத்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவர் பேனாவை மூடினார். அண்ணி என்னைப் பார்க்காமல் டீ கிளாஸைப் பார்த்தார். எனக்குப் பேயறைந்த மாதிரி இருந்தது. வீட்டில் எல்லோரையும்விட எனக்கு நல்லது நினைப்பவர் என்று நான் நம்பிய மனிதர், என் இடத்தில் ஒரு நொடி உட்காரச் சொன்னதற்கே மூச்சுத் திணறுகிறார்.

"நான் எப்படிப் போவேன்னு நினைச்சே அண்ணா?" என்று கேட்டேன்.

'நான் விடமாட்டேனா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன். ஆனால் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது.

"நினைக்கவே இல்லம்மா" என்றார். "கார் எங்க நிக்கும்னு யோசிச்சேன். மோட்டார் லைனை யோசிச்சேன். இவனுக்குத் தெருப்பக்கம் சத்தமா இருக்குமேன்னுகூட யோசிச்சேன். சத்தியமா உன்னை ஏமாத்தணும்னு இல்ல. நீ எப்படி வெளிய போவேங்கிறது எனக்குத் தோணவே இல்ல."

ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நாலு நாள் கத்தி, அழுது, அப்புறம் என்றைக்காவது மன்னித்தும் இருப்பேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் வெளியே போகிற ஆள் என்பதே தோன்றவில்லை என்றால் அதற்கு எப்படிச் சண்டை போடுவது? மேப்புதான் பத்திரம் எழுதுகிறவரிடம் சந்தும் மோட்டாரும் மூன்று பேருக்கும் பொது என்று எழுதச் சொன்னான். அண்ணன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அன்றைக்கே கையெழுத்தும் போட்டாயிற்று.

மேப்பு புதுப் பத்திரத்தில் உள்ளபடி மேப்பைத் திருத்தி வெளியே விட்டிருக்கிறான். "இப்போ மூணும் சமம்க்கா" என்று கடைக்குக் கிளம்பும்போது வந்து சொன்னான். அவனைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. எனக்கும் தண்ணீர் வருகிறது, துணி வருகிறது, ஒரு குறையும் இல்லை. அண்ணன் காரைத் தெருவில் நிறுத்துகிறார். சந்தில் எதிரே நான் வந்தால் சுவரோடு ஒட்டி ஒதுங்கி நின்று எனக்கு வழி விடுகிறார். நான் தாண்டிப் போகும் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். என் தலையில் தட்டுவதில்லை.