எழுத்தில்லாத பித்தளைத் தகடு

காஞ்சிபுரத்தில், இரும்பைச் சீவிப் பல் வெட்டுகிற அந்த மில்லிங் மெஷினை வாங்கும்போது அது எந்தக் கம்பெனி செய்தது என்று எனக்குத் தெரியாது. பட்டு முறுக்கும் மெஷின்களுக்குப் பல்சக்கரம் வெட்டிக் கொடுத்துவந்தவர் இறந்துபோய், அவருடைய பட்டறை பூட்டிக் கிடந்தது. அவர் மனைவிதான் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே என் கழுத்து உயரத்துக்கு வார்ப்பிரும்பு. மேலே பச்சைப் பெயின்ட், அதன்மேல் பழைய சந்தனம், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு. முகப்பில் திருகியிருந்த பித்தளைத் தகடு மட்டும் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

“இதுல பேரு எதுனா இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சே. இங்கிலீஷ்ல சின்னச் சின்னதா. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான்தாம்பா புளியும் செங்கத்தூளும் போட்டுத் தேய்ப்பேன். அவரு வேற யாரையும் தொட வுடமாட்டாரு.” புடவைத் தலைப்பால் தகட்டை ஒருமுறை துடைத்தார். “பாரு, மூஞ்சி தெரியுது.”

தெரிந்தது. சவரம் செய்யாத என் மூஞ்சி.

“காயலான் கடைக்காரரு வந்து வந்து கேக்கறாரு. ஒடைச்சித் தூக்கிக்கினு போறாராம். ஓட்டறவங்களுக்குத்தான் குடுப்பேன்னுட்டேன். நீ ஓட்டுவியா?”

ஓட்டுவேன் என்று சொன்னேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். ஓசூர், கோவை, புனே என்று கம்பெனி கம்பெனியாக அடுத்தவர் மெஷினை ஓட்டியிருக்கிறேன். ஒரு ஊரில் சம்பளம் நின்றால் இன்னொரு ஊர். சம்பளம் நிற்காவிட்டாலும் சில சமயம் இன்னொரு ஊர். இப்போது முழங்கால் வீங்குகிறது. காண்ட்ராக்ட் ஆளாகக் கேட்டில் போய் நின்றால் வயதைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்திலேயே ஐயம்பேட்டையில் ஒரு ஷெட் பிடித்து, குட்டி யானை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன்.

இறக்கிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. கட்டரை மாட்டுகிற நீளத் தண்டு, ஆர்பர் என்போம், அது இல்லை. பட்டறையிலும் தேடிவிட்டேன். ஆர்பர் போய் உட்காரும் துளை உள்ளே போகப் போகக் குறுகும். அந்தச் சரிவு பழைய கம்பெனிகளில் ஆளுக்கொரு அளவு. இன்று கடையில் விற்பது எதுவும் இதில் பிடிக்கவில்லை. அளந்து செய்யலாமென்றால் துளையின் வாய் தேய்ந்துபோய், அளக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வந்தது. கம்பெனி தெரிந்தால் அளவு தெரியும். தெரியாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு.

பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் படங்களைப் போட்டேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ பதில் வந்தது. தகட்டைக் காட்டு என்றார்கள். காட்டினேன். முகம் பார்க்கிற கண்ணாடியை ஏன் படம் எடுத்தாய் என்று ஒருவர் கேட்டார். பிறகு அவர்கள் வேறு மெஷினைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

காயலான் கடைக்காரர் ஷெட்டுக்கே வந்தார். மெஷினைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

“இன்னாண்ணே, ஜாதகம் இல்லாத மாப்பிள்ளைய வூட்டோட கூட்டிக்கினு வந்துட்டியா?”

“ஜாதகம் கிடைக்கும்.”

“கிடைக்காட்டி சொல்லு. சம்மட்டியோட வர்றேன்.”

அவர் போன பிறகு அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பக்கத்து வீடுகளில் தறி ஓடும் சத்தம் கேட்கும். அவர்களுக்கு என்னிடம் ஒரு வேலையும் இல்லை. சமைப்பது, மெஷினைத் துடைப்பது, போனைப் பார்ப்பது என்றே இருந்தேன். பேசாமல் இருந்ததில் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். பழைய பாத்திரக் கடையில் வாங்கியது. யாரோ ஒருவருடைய பெயர் வெட்டியிருக்கும். உள்ளே தேய்த்தபோது அந்தப் பெயர் விரலில் சொரசொரவென்று நெருடியது. சின்ன வயதில் கொஞ்ச காலம் பாத்திரக் கடையில் பெயர் வெட்டியிருக்கிறேன். தகடு மெல்லியதாக இருந்தால் வெளியே அடித்த எழுத்து உள்ளே புடைத்துக்கொள்ளும். கையைக்கூடத் துடைக்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

திருகுகள் பெயின்டில் புதைந்திருந்தன. சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டு, தலை வழுக்காமல் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தகட்டின் பின்பக்கம் கறுத்திருந்தது. அங்கே செங்கல்தூள் போனதில்லை. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி எழுந்தன. காகிதத்தைத் திருப்பி வெயிலில் பிடித்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்: கம்பெனி பெயர், ஊர், கீழே ஒரு நம்பர். சத்தமாக ஒருமுறை சொன்னேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

குழுவில் போட்டதும், கண்ணாடி என்று கிண்டல் செய்தவரே துளையின் அளவை வரைந்து அனுப்பினார். கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறதாம். காஞ்சிபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் கடைந்த ஆர்பர் துளைக்குள் போய்க் கவ்வியது. முதல் இரும்புச் சீவல் சுருண்டு விழுந்தபோது பக்கத்தில் சொல்ல ஆளில்லை. அந்த அம்மாவுக்கு போன் செய்தேன்.

“ஓடுதாப்பா?”

“ஓடுதும்மா. பேரும் தெரிஞ்சிடுச்சி.” பெயரைச் சொன்னேன்.

“அவரு அத அப்படியெல்லாம் கூப்பிட்டதில்ல. பெரியவருன்னுதான் சொல்வாரு. அந்தத் தகடு இருக்குதா?”

“இருக்குதும்மா.”

“ஆயுத பூஜைக்கு நானே வந்து தேய்க்கறேன். நீ அங்க இருப்பியா?”

ஆயுத பூஜைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அவ்வளவு நாள் கழித்தும் இருப்பேன் என்று நான் எந்த ஊரிலும் யாருக்கும் சொன்னதில்லை. இருப்பேன் என்றேன். போனை வைத்துவிட்டு, மின்னும் பக்கம் வெளியே தெரியும்படி தகட்டைத் திரும்ப மாட்டினேன்.