பழைய அட்டையில் இருந்த கையெழுத்து

1. வரிவிலக்குள்ள என் சேமிப்புக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்ற விண்ணப்பித்தேன்.
2. கையெழுத்து பொருந்தவில்லை என்று பழைய வங்கி திருப்பி அனுப்பியது.
3. இன்னும் கவனமாகக் கையெழுத்திட்டு அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது.

மாத முடிவுக்குள் மாற்றாவிட்டால் புதிய வங்கி சொன்ன வட்டி கிடைக்காது. என் மேற்படிப்புக்கு அதைத்தான் நம்பியிருந்தேன். ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரிலுள்ள பழைய வங்கியின் கிளைக்குக் கோபத்தோடு போனேன். வாடிக்கையாளரைக் கவனிக்கும் கருமபீடத்தில் இருந்த தமிழ் இளைஞர், கணக்குத் தொடங்கியபோது மாதிரிக் கையெழுத்து வாங்கிய பழைய அட்டையைத் திருப்பிக் காட்டினார். பதினெட்டு வயதில் நான் இட்ட கையெழுத்து தமிழில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது, யாரும் சொல்லாமலே, ஜெர்மன் எழுத்துக்கு மாறியிருந்தேன். மாறியதையே மறந்துபோனேன்.

"எனக்குத் தமிழ் வாசிக்க ஏலாது அக்கா. இது நீங்கள் போட்டதுதானே?"

"ஓம். ஆனா இப்ப வருமோ தெரியாது."

"எழுதிப் பாருங்கோ. பின்னுக்கு நிக்கிறவை கொஞ்சம் பொறுக்கட்டும்."

வெற்றுத்தாள் ஒன்றைத் தள்ளினார். ஆறு தடவை எழுதினேன். ஏழாவது தடவை கை தானாக வளைந்தது. அட்டையோடு ஒப்பிட்டவர், விண்ணப்பத்திலும் அதேபோல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இனி மாத்திப் போடாதேங்கோ, எனக்குத்தான் வேலை கூடும்" என்று சிரித்தார்.

எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வைப்பவள் நான். எதைக் கைவிட்டேன் என்பதை மட்டும் எங்கும் குறித்து வைக்கவில்லை.

மாத முடிவுக்குள் மாறிய சேமிப்பு இப்போது புதிய வங்கியில் இருக்கிறது. அங்கே கொடுத்த வரிவிலக்குப் படிவத்தில் தமிழில் கையெழுத்திட்டிருக்கிறேன்.