அரைஞாண் கொடியில் ஒரு சாவி

சாயங்காலம் தெருமுனையில் அண்ணன் பைக் சத்தம் கேட்டால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நான் ஓட வேண்டும். அண்ணன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே மொட்டை மாடி. நான்கு வயசுதான், ஆனால் உப்பு மூட்டை கனம் கனப்பாள். "இன்னைக்கு எத்தனை கப்பல் நிக்குது, எண்ணு பாப்போம்" என்று ஹார்பர் பக்கம் திருப்பிவிட்டால் போதும், கிரேன் விளக்கையும் கப்பல் கணக்கில் சேர்த்து எண்ணிக்கொண்டே இருப்பாள். அதற்குள் கீழே துப்பாக்கி வீட்டுக்குள் வந்து, பெட்டிக்குள் போய், பூட்டியாகிவிடும்.

துப்பாக்கி என்றதும் ஏதோ பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணன் பட்டாளத்தில் இருந்து வந்தவன். இப்போது ஒரு பேங்க்கில் கன்மேன். அந்த வேலைக்குச் சொந்த லைசென்ஸும் சொந்தத் துப்பாக்கியும் இருக்க வேண்டும். அவனுடையது இரட்டைக் குழல். கிளையில் வைத்துவிட்டு வர இடம் கிடையாது. காலையில் கான்வாஸ் உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போவான், சாயங்காலம் அதே மாதிரி கொண்டுவருவான். எங்கள் பெரியப்பாதான் நான்கு பேரிடம் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். பட்டாளத்தை விட்டு வந்தவனுக்கு அந்த வயசில் இன்னொரு வேலை லேசில் கிடைக்காது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மதினிக்கும் தெரியும். ஆனால் மதினி எல்.கே.ஜி. டீச்சர். ஒரு வகுப்பு முழுக்க நான்கு வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவள். துப்பாக்கி முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்றைக்கே அண்ணனை உட்கார வைத்துச் சொன்னாள்.

"வேலை வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா பிள்ளை கை அது மேல பட்டாலும் சரி, பூட்டாம கிடக்கது பிள்ளை கண்ணுல பட்டாலும் சரி, ஒரே ஒரு தடவைதான். மறுநாள் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும். வேலையும் அன்னைக்கோட போச்சு. நீங்க உப்பளத்துல லாரி எண்ணினாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

அண்ணன் "சரி" என்றான். அவ்வளவுதான் பேச்சு. என்னை மாதிரி அவன் ஒரு விஷயத்துக்குப் பத்து விளக்கம் சொல்கிறவன் இல்லை.

விளக்கம் சொல்ல நான் இருக்கிறேனே. அன்று முழுக்க யூடியூபில் உலகத்தில் உள்ள பூட்டை எல்லாம் பார்த்தேன். நம்பர் தட்டினால் திறக்கிற எஃகுப் பெட்டி ஒன்றை ஆர்டர் போட்டேன். ட்ரிகரில் மாட்டுகிற பூட்டு, ஒன்று போதாது என்று இரண்டு. நான் ஹார்பர் பக்கம் ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்க்கிறவள். கன்டெய்னருக்கு வைக்கிற மாதிரி பெட்டிக்கு ஒரு சீலும் வைக்கலாம் என்று யோசனை சொன்னேன்.

"சீல் வச்சா யாராவது திறந்தாத் தெரிஞ்சிரும், மதினி!"

"திறந்த பிறகு தெரிஞ்சு என்னளா செய்ய?" என்றாள் மதினி.

நம்பர் பெட்டி வந்தது. சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து நாள் போயிருக்கும். பாப்பா கூடத்தில் தனியாக உட்கார்ந்து டி.வி. ரிமோட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். "இது அப்பா பெட்டி. டிக், டிக், டிக், டிக். தொறந்தாச்சி" என்று அவளே பேசிக்கொண்டாள். மதினி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை திற, பாப்போம்" என்றாள் சாதாரணமாக.

பாப்பா ரிமோட்டில் அதே நான்கு பொத்தானை அதே வரிசையில் அமுக்கினாள். பெட்டியின் நம்பர். பிசகே இல்லை.

நான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது சாயங்காலம்தானே. காலையில் அண்ணன் பெட்டியைத் திறக்கும்போது இவள் பாயில் தூங்குகிற மாதிரி கிடந்திருக்கிறாள். நல்லவேளை, பெட்டிப் பக்கம் கை போகவில்லை. மதினி கத்தவில்லை. "ஒளிச்சு வைக்கிறது பிள்ளைங்களுக்கு விளையாட்டு. கண்டுபிடிச்சிரும். பூட்டி, சாவியை நம்ம உடம்புல வச்சுக்கிடுததுதான் வேலை" என்றாள். அன்றைக்கே நம்பர் பெட்டி கழன்றது. பட்டறையில் சொல்லி கனத்த தகட்டில் சாவி போட்டுத் திறக்கிற பெட்டி செய்தார்கள்.

சாவி எங்கே என்று கேட்பீர்கள். அண்ணன் அரைஞாண் கொடியில். குளிக்கும்போதும் அங்கேதான், தூங்கும்போதும் அங்கேதான். கடலில் குளிக்கப் போனால் உப்புத் தண்ணீர் பட்டுத் துருப்பிடிக்கும் என்று வந்ததும் எண்ணெய் போட்டுத் துடைப்பான். தோட்டா வேறு டப்பாவில், வேறு அறையில், மதினியின் பீரோவுக்குள். அந்தச் சாவி மதினியிடம். புருஷனும் பெஞ்சாதியும் சேர்ந்து நின்றால்தான் அந்தத் துப்பாக்கி துப்பாக்கி. தனித்தனியாக இருந்தால் அது வெறும் இரும்பும் கட்டையும்.

சாயங்காலம் நடப்பதை ஒரு நாள் பாப்பா காய்ச்சலில் கதவு சாத்திய உள் அறையில் எங்கள் அம்மா மடியில் தூங்கிப்போனதால் கீழேயே நின்று பார்த்தேன். அண்ணன் உள்ளே வந்தான். மதினி வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். மூலையில் ஒரு மணல் மூட்டை கிடக்கும். துப்பாக்கியின் வாய் அதைத்தான் பார்க்க வேண்டும், வேறு எங்கேயும் திரும்பக் கூடாது. அண்ணன் குழலைக் கீழே மடக்கினான். மதினி குனிந்து இரண்டு ஓட்டையையும் பார்த்தாள், விரலை விட்டும் பார்த்தாள்.

"காலி" என்றாள்.

"காலி" என்றான் அண்ணனும், தானும் ஒரு தடவை பார்த்துவிட்டு.

பேங்க்கிலேயே தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் வருகிறான். இருந்தும் தினமும் இது உண்டு. சண்டை போட்டு இரண்டு பேரும் பேசாமல் இருந்த வாரத்திலும் அந்த இரண்டு 'காலி' மட்டும் உண்டு. கல்யாண வாழ்க்கை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

பாப்பாவிடம் இதை ரகசியமாகவும் வைக்கவில்லை. "அது அப்பா வேலைக்குக் கொண்டுபோற சாமான். எங்க பாத்தாலும், யார் வீட்டுல பாத்தாலும் தொடக்கூடாது. ஓடி வந்து பெரியாள்கிட்ட சொல்லணும்" என்று பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறாள் மதினி. அப்படிச் சொல்லிக் கொடுத்தாச்சே, பிறகு எதற்கு இத்தனை பூட்டு என்று நான் கேட்டேன். "நாலு வயசு கேட்டுக்கிடும். அப்புறம் மறந்துரும். பூட்டு மறக்காது" என்றாள்.

போன சரஸ்வதி பூசைக்குப் பெரியப்பா ராத்திரி தங்குகிற மாதிரி வந்தார். கூட அவர் மருமகளும் ஐந்து வயசுப் பேரனும். பெரியப்பாவுக்குப் பருப்பு கமிஷன் கடை. பஜாரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். எங்கள் அப்பா போன பிறகு எங்களைப் படிக்க வைத்தவர் அவர்தான். அண்ணன் அவர் முன்னால் சத்தமாக இருமினதுகூட இல்லை.

கூடத்தில் பூசைக்கு எல்லாம் அடுக்கியாகிவிட்டது. அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மனை, மதினியின் சாக்பீஸ் டப்பா, என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பெரியப்பா வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏலே, ஆயுத பூசைங்கான், ஆயுதத்தையே காணும்? எங்கலே துப்பாக்கி?"

"உள்ள இருக்கு, பெரியப்பா."

"எடுத்துட்டு வந்து வையி. சோறு போடுத சாமானுக்குப் பொட்டு வைக்காம அரிவாள்மனைக்கு வச்சிருக்கிய!"

பூசையில் வைத்த சாமானை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் மறுபூசை முடிந்துதான் எடுக்க வேண்டும். என் லேப்டாப்புக்கே ஒரு நாள் லீவு அதனால்தான். துப்பாக்கியை வைத்தால் ராத்திரி முழுக்க அது கூடத்தில் கிடக்கும், இரண்டு பிள்ளைகளும் அதே கூடத்தில் பாய் போட்டுப் படுக்கும். நான் மதினியைப் பார்த்தேன். மதினி விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் கொடுத்த வார்த்தை, அவன்தான் காப்பாற்ற வேண்டும் என்று விட்டுவிட்டாள் போல.

அண்ணன் அசையவில்லை.

"பேரன் வேற வர்ற வழியெல்லாம் அதே பேச்சு" என்றார் பெரியப்பா. "அவன் கையில குடுத்து ஒரு போட்டோ எடுலே. உள்ள குண்டா கிடக்கு?"

"இல்ல, பெரியப்பா."

"அப்புறம் என்ன?"

"குண்டு இல்லைன்னு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதே. இன்னைக்கு நான் கையில குடுத்தா, இது எடுத்து விளையாடுத சாமான்னு படிச்சுக்கிடுவான். நாளைக்கு வேற எவன் வீட்டுலயாவது குண்டோட கிடந்தா?" அண்ணன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. "பிள்ளைங்க இருக்கும்போது அது வெளிய வராது, பெரியப்பா. நீங்க கேட்டாலும் வராது. மன்னிச்சுக்கிடுங்க."

"நான் வாங்கிக் குடுத்த வேலைலே அது!"

"அதனாலதான் காப்பாத்தணும்னு பாக்கேன்."

அப்போதுதான் மதினி எழுந்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பூட்டின பெட்டியின் கதவில் மூன்று விரலால் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். சூடத்தட்டைக் காட்டினாள். "உள்ள இருக்கதுக்கும் சேத்துத்தான், மாமா. கடை ஷட்டருக்குப் பொட்டு வச்சா உள்ள இருக்க சரக்குக்கு வச்ச மாதிரிதான?" என்றாள்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. பெரியப்பாவுக்கு அப்படி இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். "பெரிய பட்டாளம்! வீட்டுக்கு வந்த சின்னப் பிள்ளையைக் கள்ளன் மாதிரி நடத்துதிய" என்றார். இலை போட்டும் சாப்பிடாமல், பேரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்குப் போனார். அண்ணன் கேட் வரை பின்னாலேயே போனான். கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை. அப்பா ஸ்தானத்தில் இருந்தவர் பட்டினியாகப் போகிறார் என்று அவன் முகம் கறுத்துப் போயிற்று. ஆனால் 'பெரியப்பா, இருங்க, எடுத்துட்டு வாரேன்' என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. அதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

பெரியப்பாவின் மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டே பின்தங்கினாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். மதினியின் கையைப் பிடித்தாள்.

"யக்கா, எங்க குடோன்ல புறா சுடுததுக்கு மாமா ஏர்கன் ஒண்ணு வச்சிருக்காங்க. ஆணியில குண்டு போட்டபடியே சும்மா தொங்குது. போன வாரம் இவன் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துட்டான், யக்கா. பிளாஸ்டிக் தண்ணி டேங்க்ல ஓட்டை. எலி கடிச்சதுன்னு மாமா நெனச்சிட்டு இருக்காங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா என்னையத்தான் வைவாங்க. இதுக்கெல்லாம் பூட்டு கிடைக்குமா?"

மதினி என்னைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தேன். ஆர்வக் கோளாறில் நான் இரண்டாக வாங்கிய ட்ரிகர் பூட்டில் ஒன்று பிரிக்காமலே கிடந்தது. வெளியே கார் ஹாரன் விடாமல் அடித்தது. "நாளைக்கு இவளே கொண்டுவந்து மாட்டித் தருவா, நீ போ" என்றாள் மதினி.

மறுநாள் மறுபூசை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா குடோன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் "சாப்பிட்டாச்சா, பெரியப்பா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டேன்.

ஏர்கன்னில் பூட்டு மாட்டும் விதத்தை மருமகளுக்கு ஒரு தடவைதான் காட்டினேன். இரண்டாவது தடவை அவளே மாட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள், பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள். அப்படியே கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் வைத்து அதையும் பூட்டினாள். இரண்டு சாவியையும் தாலிச் சரடில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். இதெல்லாம் பெரியப்பா கண் முன்னால். நேற்று வரை வாய் திறக்காத பெண்.

"என்னளா செய்யுத?" என்று அவர் எழுந்தே விட்டார்.

"டேங்க்ல ஓட்டை விழுந்தது எலியால இல்ல, மாமா. உங்க பேரன் சுட்டது. கிட்டத்துலயே பக்கத்து வீட்டுப் பிள்ளை நின்னுருக்கு."

பெரியப்பா பேரனைப் பார்த்தார். அவன் பருப்பு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவர் காலியாகக் கிடந்த ஆணியைப் பார்த்தார், தண்ணி டேங்க்கைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புறா வந்தா என்ன செய்ய?" என்றார். குரலில் நேற்றைய அண்ணாச்சி இல்லை.

"கையைத் தட்டுங்க, மாமா."